நான்காவது சுற்றுப் பேரீச்சம்பழம்

எபி கண்ணா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டரையைத் தாண்டிவிட்டது. நீ என் பக்கத்தில் குப்புறப் படுத்து, ஒரு காலைத் தூக்கி என் மடிமேல் போட்டுக்கொண்டு தூங்குகிறாய். அந்தக் காலை நகர்த்தினால் எழுந்துவிடுவாய் என்ற பயத்தில், போனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பகலில் எழுதியிருக்கலாம். ஆனால் பகலில் நீ விடமாட்டாய், ஆபீஸ் விடாது. அப்படியே விட்டாலும் என் கோபத்துக்குப் பகலில் வாய் திறக்காது. யார் என்ன சொன்னாலும் சிரித்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். அப்படிச் சிரித்து வைத்ததில்தான் இத்தனையும் வந்து நிற்கிறது.

உனக்கு இப்போது இரண்டு வயது பத்து மாதம். இந்தக் கடிதம் அந்தப் பையனுக்கு இல்லை. முகம் மழிக்கிற வயதில், என்னைவிட உயரமாக, ஒருவேளை வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, 'அம்மா பிறகு கூப்பிடறேன்' என்று போனை வைக்கப்போகிற ஆள் ஒருவன் இருக்கிறானே, அவனுக்கு. அவனோடு எனக்கு இன்னும் பழக்கம் இல்லை. இருந்தாலும் அவனிடம் ஒரு விஷயத்தை நானே முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அதை வேறு விதமாக அவனிடம் சொல்ல ஊரே தயாராக இருக்கிறது. என்னைப் பற்றிய ஒரு வீடியோ எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தையும் எல்லோரும் பார்க்கும்படியே போடப்போகிறேன். உனக்கு எழுதியதை ஊர் படித்தால் எனக்கு வெட்கமில்லை.

இன்று காலை உன்னை ப்ரீ-கேஜி சேர்க்கப் போனோம். சிட்லபாக்கம் ஏரிக்குப் போகிற வழியில், சுவரில் யானை வரைந்த பள்ளி. நீ அந்த யானைக்கு வணக்கம் வைத்தாய். தலைமை ஆசிரியை நல்ல மனுஷிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "அட, நீங்கதானே அந்த சைக்கிள் அம்மா!" என்றார். மேசை மேலிருந்த போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டார். பத்தொன்பது விநாடி. ஒரு பெண் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து ஒரு குழந்தையை வாரி எடுக்கிறாள். பின்னால் அழுகிற வயலின். கீழே 'பதக்கத்தை விடப் பெரியது தாய்மை' என்று எழுத்து. "நான் எத்தனை தடவை பார்த்து அழுதேன் தெரியுமா மேடம்? இந்தக் குட்டிப் பையனுக்காகத்தானே நீங்க ரேஸையே விட்டீங்க? ஆன்யுவல் டேக்கு இதைப் பெரிய ஸ்க்ரீன்ல போட்டுட்டு, நீங்களும் பையனும் மேடைக்கு வரணும். மத்த அம்மாக்களுக்கு ஒரு இன்ஸ்பிரேஷன்." இதையெல்லாம் அவர் சொன்னது உன் தலைக்கு மேலே. நீ என் மடியில் உட்கார்ந்து பென்சில் ஸ்டாண்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரித்துக்கொண்டு, "பார்க்கலாம் மேடம், சொல்றேன்" என்றேன்.

சாயங்காலம் நான் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நீ வந்து என் முதுகைக் கட்டிக்கொண்டாய். "ம்மா, எபி ரேஸ் விட்டுட்டான். ஸாரிம்மா" என்றாய்.

கண்ணா, நான் கீழே விழுந்திருக்கிறேன். முட்டியில் தையல் போட்டிருக்கிறேன். காப்பித் தோட்டத்துக் கல்லில் தோள்பட்டை இடித்து ஒரு மாதம் உன்னை வலது கையால் தூக்க முடியாமல் இருந்திருக்கிறேன். அதெல்லாம் வலியே இல்லை. மூன்று வயதுகூட ஆகாத ஒரு குழந்தை, தான் செய்யாத ஒன்றுக்காக ஸாரி கேட்கிறது. அதை அதன் வாயில் போட்டது யார்? வயலின் வாசித்தவரா, மேடத்தின் இன்ஸ்பிரேஷனா, சிரித்து வைத்த நானா? அப்போது பிடித்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேள்.

நான் பொத்தேரியில் கல்லூரி படித்த காலத்தில் மலைச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எம்டிபி என்று எங்களுக்குள் சொல்வோம். தார் ரோட்டில் ஓட்டுகிற சைக்கிள் இல்லை. கல், வேர், சேறு, இறக்கம் எல்லாவற்றிலும் இறங்கி ஏறுகிற தடித்த டயர் வண்டி. உன் அப்பாவை அங்கேதான் சந்தித்தேன். அவரும் ஓட்டுவார், மிக மெதுவாக, மரங்களின் பெயர் சொல்லிக்கொண்டு. கல்யாணத்துக்குப் பிறகும் ஓட்டினேன். நீ வயிற்றில் வந்ததும் நிறுத்தினேன். நீ பிறந்து பத்தாவது மாதம் மறுபடி ஆரம்பித்தேன். விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. அவர் வருகிற நேரத்தைப் பொறுத்து, விடியற்காலையோ மத்தியானமோ, பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஓட்டுவேன். அங்கே தூண்டில் போடுகிற அண்ணன் ஒருவர் தினமும் கேட்பார்: "இன்னாக்கா, கொழந்தைய வூட்ல வுட்டுட்டு நீ இங்க மண்ணுல சுத்திகினு கீறே?" ஒருநாள் பொறுக்காமல், "உங்க குழந்தைங்க எங்கண்ணா?" என்றேன். அவர் தூண்டிலைப் பார்த்தார். "அதுங்களா? அதுங்க அவங்க அம்மாகிட்ட கீதுங்க" என்றார். அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நான் வந்தால் தூண்டில் கம்பைத் தூக்கி வழி விடுவார். கல்லூரியெல்லாம் படித்தவர்கள் பலருக்கு அந்த அளவு சிரிப்புகூட வரவில்லை.

போட்டிகள் எல்லாம் மலையில். தாம்பரத்திலிருந்து விடியுமுன் கிளம்பினால்தான் ஆகும். நான் பயந்த சுபாவம், உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். போகிற ஒவ்வொரு ஊரிலும் குழந்தை மருத்துவர் எங்கே என்று முந்தின வாரமே விசாரித்து வைப்பேன். தெர்மாமீட்டர், காய்ச்சல் மருந்து, உப்புச்சர்க்கரைப் பொட்டலம், உன் முயல் பொம்மை, அந்த முயல் தொலைந்துபோனால் காட்ட அதே மாதிரி இன்னொரு முயல். என் ஹெல்மெட்டை மறந்திருக்கிறேன், உன் தொப்பியை மறந்ததில்லை. காரின் பின்னால் சைக்கிளைக் கட்டுவோம். முன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும், அதை நீ உன் பக்கத்தில்தான் வைக்கச் சொல்வாய். ஜிஎஸ்டி ரோடு முழுக்க அதைச் சுற்றிக்கொண்டே, "ரெடி, ஸ்டெடி" என்பாய். 'கோ' மட்டும் சொல்லமாட்டாய். அது நான் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு தாண்டியதும் இட்லி. மலை ஏற ஆரம்பித்ததும், மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், அந்த இட்லி வெளியே வரும். அப்பா ஓரம் கட்டுவார். நான் துடைப்பேன். நீ வாந்தி எடுத்த முகத்தோடு, "இன்னும் ஒண்ணு இருக்கா?" என்று கேட்பாய், வளைவைத்தான்.

இப்படிப் போகிற எங்களைப் பார்த்து மலை ஊர் விடுதியில் ஒரு மேனேஜர், பதிவேட்டில் அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டே, "சார் எந்த கேட்டகிரி ஓட்டறீங்க?" என்றார். அப்பா என்னைக் காட்டினார். மேனேஜர் பேனாவை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். "அப்ப பாப்பாவை?" அப்பா, "அவன் டீம்ல இருக்கான் சார்" என்றார். மேனேஜர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். அது நகைச்சுவை இல்லை. உனக்கு உண்மையாகவே ஒரு வேலை இருந்தது. அந்த வேலையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

நாங்கள் ஓட்டுவது ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி வருகிற போட்டி. பெண்களுக்கு ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஓர் இடத்தில்தான் வெளியாள் நமக்குத் தண்ணீரோ தின்பதற்கோ கொடுக்கலாம். கயிறு கட்டி, பலகை வைத்திருப்பார்கள். அந்தக் கயிற்றுக்கு வெளியே யாரும் எதுவும் தரக் கூடாது, நம் வண்டியை யாரும் தொடவும் கூடாது. தொட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். உன் முதல் போட்டியில், அப்பா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார். நான் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனதும் நீ ஊரைக் கூட்டினாய். அடுத்த சுற்றிலும் அதே. அம்மா வருகிறாள், நிற்காமல் போகிறாள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய அநியாயம். அன்று ராத்திரி நான் ஒரு யோசனை கண்டுபிடித்தேன். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் ஒன்றை உன் கையில் கொடுத்து, "எபி குடுத்தாதான் அம்மாவால ஓட்ட முடியும்" என்று சொன்னேன். அடுத்த போட்டியிலிருந்து அதுதான் வழக்கம். நான் வேகம் குறைத்து வருவேன். நீ அப்பா இடுப்பிலிருந்து கையை நீட்டி, "ஆ காட்டு" என்பாய், உனக்குச் சோறு ஊட்டும்போது நான் சொல்வதைப் போலவே. நான் வாயைத் திறப்பேன். பழம் உள்ளே, கால் மிதியில். அழுகையே கிடையாது. கடைசிச் சுற்றைத் தவிர சுற்றுக்கு ஒரு பழம், ஐந்து சுற்றுக்கு நான்கு பழம். அப்பா எண்ணிக் கொடுப்பார், நீ ஒன்றுகூடத் தின்னமாட்டாய். நல்ல யோசனை என்று மற்றவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். எபி கொடுத்தால்தான் ஓட்ட முடியும் என்று ஒரு குழந்தையிடம் சொல்லி வைத்தால், அது அதை நம்பும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏற்காட்டு மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் அந்தப் போட்டி. முதல் மூன்று பேருக்கு மாநில அணித் தேர்வுக்குப் போக இடம். முந்தின நாள் மழை பெய்து தடம் வழுக்கியது. மூன்று சுற்று முடிந்தபோது நான் இரண்டாவது. எனக்கே நம்ப முடியவில்லை. நான்காவது சுற்றில் தண்ணீர் கொடுக்கிற இடத்துக்கு வந்தபோது முதலில் போகிறவளின் முதுகு தெரிந்தது, சிவப்புச் சட்டை, முப்பதடி இருக்கலாம். இப்போது கவனமாகக் கேள், ஏனென்றால் ஊர் பார்த்த வீடியோவில் இது இல்லை. அப்பா பாட்டிலை நீட்டினார். நீ தரையில் நின்று பழத்தை நீட்டினாய். நான் பாட்டிலை வாங்கினேன். பழத்தை வாங்கவில்லை. வேகத்தைக் குறைக்கவில்லை, உன்னைப் பார்க்கவும் இல்லை. சிவப்புச் சட்டையைப் பார்த்தேன்.

நீ என்ன செய்வாய்? எபி கொடுக்காமல் அம்மாவால் ஓட்ட முடியாதே. நீ கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடி வந்தாய், தடத்தின் நடுவே, பழத்தை நீட்டியபடி. பின்னால் இறக்கத்தில் மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். "டேய் எபி!" என்று அப்பா அலறியது கேட்டுத் திரும்பினேன். பிரேக் பிடித்த வேகத்தில் வழுக்கி விழுந்தேன். வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் பாய்ந்தேன். என் வண்டி தடத்துக்குக் குறுக்கே கிடந்தது. வருகிறவர்கள் அதில் மோதியிருந்தால் எலும்பு முறிந்திருக்கும். அப்பா ஓடி வந்து அதைத் தூக்கி நிறுத்தினார். மூன்று பேரும் எங்களைக் கடந்து போனார்கள். உன்னை அப்பாவிடம் கொடுத்தேன், வண்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன், ஏறினேன்.

ஏறினேன், எபி. இந்தச் சொல்லைத்தான் வெட்டி எறிந்துவிட்டார்கள். நான் எதையும் விடவில்லை. அந்தச் சுற்றை முடித்தேன், ஐந்தாவது சுற்றும் ஓட்டினேன். கடந்து போன மூவரில் இருவரை ஏற்றத்தில் பிடித்தேன். முழங்கையில் ரத்தம், வாயில் மண், மூன்றாவதாக வந்தேன். விட்டவள் மூன்றாவதாக வருவாளா?

பிறகு தகுதி நீக்கம் என்று ஒட்டினார்கள். கயிற்றுக்கு வெளியே என் வண்டியை அப்பா தொட்டுவிட்டார். விதி அதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை என்று சொல்லமாட்டேன். தொடாமல் விட்டிருந்தால் யாருக்காவது மண்டை உடைந்திருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆட்சேபம் எழுதிக் கொடுக்கக் கால் மணி நேரம் தருவார்கள். தாளும் பேனாவும் கேட்டேன். நடுவர் என் தோளைத் தட்டி, "விடுங்கம்மா, உங்களுக்கு வேற ஸ்பெஷலா வச்சிருக்கோம்" என்றார். நான் சிரித்தேன். அந்தக் கால் மணி நேரம் அப்படியே போய்விட்டது.

ஸ்பெஷல் என்ன தெரியுமா? மைக்கில் ஒருவர்: "ரேஸ் முக்கியமா, கொழந்தை முக்கியமா? இந்தத் தாய் ஒரு செகண்ட் யோசிக்கலை! கை தட்டுங்க!" எல்லோரும் தட்டினார்கள். ஒரு பொன்னாடை, ஒரு ஹாட் பாக்ஸ், மூன்று அடுக்கு. பூப்போட்ட ஹாட் பாக்ஸ்! சேறு அப்பிய உடம்போடு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதை வாங்கிக்கொண்டு நின்று, போட்டோவுக்குச் சிரித்தேன். எனக்கு அடுத்து ஆண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிட்டார்கள். "இவருக்கு ஆறு மாசக் கைக்குழந்தை இருக்கு! என்னா ஃபிட்னஸ் பாருங்க!" அவருக்கும் தட்டினார்கள். அந்த ஆறு மாதக் குழந்தை அப்போது யார் கையில் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்குப் பதக்கம். எனக்குச் சப்பாத்தி சூடாக வைக்கிற பாத்திரம். என்னை நீக்கியதோடு விட்டிருந்தால், காரில் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன், அடுத்த மாதம் மறந்திருப்பேன். ஓட்டியதை எடுத்துக்கொண்டு, ஓட்டாததற்குப் பரிசு கொடுத்தார்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உனக்கு யாராவது இப்படி ஒரு பரிசை நீட்டினால் வாங்காதே. மேடையாக இருந்தாலும், பெரியவர்கள் நின்றாலும், எல்லோரும் கை தட்டினாலும் வாங்காதே. நான் வாங்கினேன். அது நம் சமையலறையில் இருக்கிறது. பெரியம்மா வந்தால் அதில்தான் இட்லி வைக்கச் சொல்கிறார்.

பெரியம்மா என்றதும் ஞாபகம் வருகிறது. என் அக்கா, பல்லாவரத்தில் இருக்கிறாரே, அவர்தான். அவர் வங்கித் தேர்வு எழுதித் தேறியவர் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. மகள் ஷீபா பிறந்ததும் வேலைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு ஆயிரம் காரணம் இருந்தது. பெரியப்பாவுக்கு இஷ்டமில்லை, வடக்கே போஸ்டிங், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பதினோரு வருஷமாக ஒரே ஒரு காரணம்தான் சொல்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஷீபா கணக்கில் மதிப்பெண் குறைவாக வாங்கியிருந்தாள். "உன்னாலதாண்டி பேங்க் வேலைய விட்டேன். அதுக்காவது படிக்கக் கூடாதா?" என்றார் அக்கா. ஷீபா தட்டைப் பார்த்துக்கொண்டே, சத்தமே இல்லாமல், "நானாம்மா விடச் சொன்னேன்?" என்றாள். அக்கா அவள் தட்டில் இன்னொரு கறித்துண்டு வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. நீ அன்று மேசைக்கு அடியில் எங்கள் கால்களை எண்ணிக்கொண்டிருந்தாய்.

நான் அக்காவைக் குறை சொல்லவில்லை. அவர் கையிலிருந்து ஒன்று பிடுங்கப்பட்டது. பிடுங்கியவர்களிடம் கேட்க முடியாமல், அதைக் குழந்தையின் கணக்கில் எழுதிவிட்டார். இப்போது ஊர் எனக்காக அதையே எழுதி, இசை போட்டு, மேடை ஏற்றிக் காட்டக் கூப்பிடுகிறது. வருஷா வருஷம் உனக்கு யாராவது அந்தப் பத்தொன்பது விநாடியைக் காட்டுவார்கள். 'உங்க அம்மா உனக்காக என்னத்த எல்லாம் விட்டாங்க பாரு' என்பார்கள். பதினாறு வயதில் நீ என்னோடு சண்டை போடுகிற ஒருநாள், எனக்கே கோபத்தில் அந்த வாக்கியம் வாயில் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வந்திருந்தால், எபி, அது பொய். அதற்கு இந்தக் கடிதம்தான் என் எழுத்து மூலமான ஆட்சேபம். கால் மணி நேரம் தாண்டிவிட்டதுதான், இருந்தாலும் எடுத்துக்கொள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உன்னைத் தூங்க வைத்த பிறகு, நீ ஸாரி கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் கையைக் கழுவினார். பிறகு வந்து, "நான் ஒண்ணு காட்டணும். திட்டாதே" என்றார். அந்த நான்காவது சுற்றில் அவர் வலது கையில் பாட்டில், இடது கையில் போன். நான் இரண்டாவதாக வருவதைப் படம் பிடித்திருக்கிறார். அதனால்தான் நீ இடுப்பில் இல்லாமல் தரையில் நின்றிருக்கிறாய். "அப்பா பேன்ட்டைப் பிடிச்சுக்கோ" என்று அவர் சொல்வது அதில் கேட்கிறது. இத்தனை நாளும் என்னிடம் காட்டவில்லை. "என் தப்பு அதுல அப்படியே இருக்கு. அழிக்கவும் மனசு வரலை, காட்டவும் தைரியம் வரலை" என்றார். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். நானும் பழத்தை வாங்காமல் போனவள்தானே என்று வாயை மூடிக்கொண்டேன். இல்லை, மூடவில்லை. கொஞ்சம் திட்டினேன். இரண்டு முயல் எடுத்து வைக்கிற வீட்டில் பிள்ளையின் கையை விட்டுவிட்டீர்களே என்றேன். அவர் தலையாட்டினார்.

அந்தப் படத்தில் பார்க்க ஒன்றுமில்லை. நீ ஓடியதும் போன் கையோடு சேர்ந்து ஆடுகிறது. சேறு, அவர் ஷூ, காப்பிச் செடி, வானம், மறுபடி சேறு. யாரும் பகிர மாட்டார்கள். ஆனால் சத்தம் முழுதாக இருக்கிறது. "அம்மா பழம்! அம்மா பழம்!" என்று ஓடிக்கொண்டே கத்துகிறாய். நான் விழுகிற சத்தம். மூன்று சைக்கிள் உரசிப் போகிறது. நான் மூச்சு வாங்குகிறேன், "அடிபட்டுச்சா, எங்க அடிபட்டுச்சு, காட்டு" என்று பத்துத் தடவை கேட்கிறேன். நீ அதைக் காதிலேயே வாங்காமல், தெளிவாக, கொஞ்சம் எரிச்சலாக, "ஆ காட்டும்மா" என்கிறாய். நான் எதையோ மெல்லுகிற சத்தம். பிறகு நீ: "போம்மா. ஃபாஸ்ட்டா போ. கோ!"

எனக்கு இது ஞாபகமே இல்லை, கண்ணா. ஐந்தாவது சுற்று முழுக்க பல்லில் மண் கடிபட்டது, விழுந்தபோது வாயில் போனது என்று இன்றைக்கு வரை நினைத்திருந்தேன். அது உன் பழத்தில் ஒட்டியிருந்த மண். நான்காவது பழத்தையும் நான் வாங்கியிருக்கிறேன். நீ என்னை நிறுத்தவில்லை. நான் நின்றபோது ஊட்டிவிட்டு, போகச் சொன்னாய். வழக்கமாக நான் சொல்கிற 'கோ'வை அன்று நீ சொன்னாய்.

இப்போதுதான் தலைமை ஆசிரியைக்கு எழுதினேன். மேடைக்கு நாங்கள் வரமாட்டோம், அந்த வீடியோவைப் போடக் கூடாது, இனி என் மகன் காதுபட அந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாது. சிரிக்கிற பொம்மை எதுவும் போடாமல் அனுப்பினேன். அடுத்த மாதம் இன்னொரு மலையில் போட்டி. பெயர் கொடுத்துவிட்டேன். இந்த முறை சுற்றுக்கு ஒருதரம் கயிற்றுக்குள் கால் ஊன்றி முழுதாக நின்று, உன் கையிலிருந்து வாங்கித்தான் போவேன். போன வாரமே ஏரிக்கரையில் உன்னை வைத்து ஒத்திகை பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் போகிறது. போகட்டும், ஏற்றத்தில் எடுத்துக்கொள்வேன். அப்பா போன் காரில் இருக்கும்.

அப்பா எடுத்த படத்தை உனக்காக எடுத்து வைக்கிறேன். இதைப் படித்ததும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் கேள். அதற்குள் இந்தக் கதையை யார் யார் உன்னிடம் எப்படிச் சொன்னார்கள், நான் எப்போதாவது அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டேனா, மறைக்காமல் எழுது. வேலை இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதே. சீக்கிரம் பதில் போடு.

அம்மா